ஒரு பாட்டு எங்கள் ஊருக்காக: மெல்லிசைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

காஞ்சிபுரம், உத்திரமேரூர், வாலாஜாபாத், செய்யாறு வட்டாரங்களில் மேடை ஏறும் மெல்லிசைக் குழுப் பாடகர்களே, கீபோர்டும் கிட்டாரும் டிரம்ஸும் தபேலாவும் பேடும் வாசிக்கிற தம்பிகளே, தங்கைகளே,

மாகறலிலிருந்து எழுதுகிறேன். ஆடி பிறந்தால் அம்மன் கூழ்வார்ப்புக்கு வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்களில் நானும் ஒருவன். உங்கள் கையில் வைக்கிற அட்வான்ஸ் எந்தெந்த வீட்டிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தறியில் கூலிக்கு நெய்கிறவர் கொடுத்த நூறும், நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐம்பதும், ஒரகடத்தில் ஷிப்டு பார்க்கிற பையன் ஜிபேயில் அனுப்பிய ஐந்நூறும் சேர்ந்துதான் அந்தப் பணம். அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் குறை சொல்வேன். ஆனால் கேட்க வந்தது ஒன்றுதான். அதற்குமுன் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் குறை. எந்தக் குழு வந்தாலும் பட்டியல் மாறுவதில்லை. பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு, அப்புறம் எம்.ஜி.ஆர். ஒன்று, சிவாஜி ஒன்று, இளையராஜாவில் நாலைந்து, பத்து மணி நெருங்கினால் குத்துப்பாட்டு. இதில்கூட எனக்குச் சண்டை இல்லை. கேட்கிறவர்கள் விரும்பித்தான் கேட்கிறார்கள். என் வருத்தம் வேறு. நீங்கள் வாசிப்பதை நிறுத்திக்கொண்டு வருகிறீர்கள்.

ஒரு ஆடிக் கச்சேரியில் ஜெனரேட்டர் பக்கமாக நின்று மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் குழு என்பது இங்கே வேண்டாம். பேடு வாசிக்கிற பையனுக்கு இருபது வயது இருக்கும். இரண்டு குச்சியும் பறக்கின்றன, தலை ஆடுகிறது, கீழே பிள்ளைகள் விசிலடிக்கிறார்கள். பேடிலிருந்து மிக்சருக்குப் போகவேண்டிய ஒயர் மட்டும் சுருட்டிய சுருட்டில் அவன் காலடியில் கிடக்கிறது. தாளம் முழுக்க லேப்டாப்பிலிருந்து வருகிறது. பாட்டு முடிந்ததும் என் பார்வை எங்கே போயிற்று என்று அவன் கவனித்துவிட்டான். வெட்கத்தோடு சிரித்தான். பிறகு கீழே இறங்கி வந்தபோது அவனே சொன்னான்: "ஏழு பேர் வந்தா ஏழு பேட்டாண்ணே. டிராக் போட்டா மூணு பேர் போதும். நான் சும்மா நிக்கிறதுக்கு."

அந்தப் பையனைக் குற்றம் சொல்லமாட்டேன். எட்டாயிரத்துக்குப் பாட்டுக் கச்சேரி கேட்டுப் பேரம் பேசுகிற எங்களைப் போன்ற விழாக்குழுக்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் கையில் வித்தை வைத்திருப்பவன் மேடையில் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தொழில் எங்கே போகிறது என்று நீங்கள்தான் முதலில் யோசிக்க வேண்டும். டிராக்குக்கு வாயசைக்க ஆள் வைப்பதைவிட டிராக்கை மட்டும் வாங்கி ஸ்பீக்கரில் போடுவது மலிவு. அந்தக் கணக்கை எந்த விழாக்குழுவும் ஒருநாள் போட்டுவிடும்.

"அடுத்தவன் பாட்டை வாசிக்கிறவர்கள்தானே நீங்கள், உங்களுக்கென்ன கலை" என்று உங்களை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் தூரத்தில் இருக்கிற ஒரு கலைஞரைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

விஜய் ஐயர் என்று ஒரு ஜாஸ் பியானோ கலைஞர். தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்தவர். மூன்று வயதில் வயலின் பிடித்தவர். பியானோவை யாரிடமும் முறையாகக் கற்கவில்லை. காதால் கேட்டுக் கேட்டு, தானே தடவிக் கற்றுக்கொண்டார். நோட்ஸ் படிக்கத் தெரியாமல் ஐம்பது முறை கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு கீபோர்டு பழகிய உங்களில் பலருக்கு இது புதுக்கதை இல்லை. கணிதமும் இயற்பியலும் படித்தவர், 2013இல் மெக்கார்தர் விருது பெற்றவர், 2014 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். முப்பது ஆண்டுக்குப் பக்கமாக இசைத்தட்டுகள் வெளியிட்டு வருகிறார். ஜாஸ் உலகில் மூத்தவர்கள் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறவர்.

அவரும் உங்களைப்போல் அடுத்தவர் பாட்டை எடுத்து வாசிக்கிறவர்தான். ஜான் லென்னனின் 'இமேஜின்', மைக்கேல் ஜாக்சன் பாடிப் புகழ்பெற்ற 'ஹியூமன் நேச்சர்', ஸ்டீவி வொண்டரின் பாட்டுகள் எல்லாம் அவர் தட்டுகளில் உண்டு. ஜாஸ் என்கிற இசையே அப்படி வளர்ந்ததுதான். ஜான் கோல்ட்ரேன் ஒரு மேடை நாடகத்தின் பாட்டான 'மை ஃபேவரிட் திங்ஸ்'ஸை எடுத்து, 1961இல் வந்த தட்டில் 13 நிமிடத்துக்கு மேல் விரித்து வாசித்தார். மைல்ஸ் டேவிஸ் 1985இல் அதே 'ஹியூமன் நேச்சர்' பாட்டை டிரம்பெட்டில் வாசித்தார். இவர்களை எல்லாம் காப்பி அடிக்கிறவர்கள் என்று எவரும் சொல்வதில்லை. தெரிந்த பாட்டுக்குள் தெரியாத ஒரு வழியை அவர்கள் காட்டினார்கள்.

விஜய் ஐயர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 2009இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' தட்டில் இருக்கிற 'கலாங்'. அது எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் பாடிய பாட்டு. லண்டனில் பிறந்து, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் காரணமாகத் திரும்ப லண்டனுக்கே அகதியாகப் போன ஈழத்தமிழ்ப் பெண். ஒரு சின்ன மின்னணுத் தாளப்பெட்டியை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைத் தொடங்கினார். அந்தப் பெட்டித் தாளத்தை, விஜய் ஐயரும் பாஸ் வாசிக்கிற ஸ்டீபன் கிரம்ப்பும் டிரம்ஸ் வாசிக்கிற மார்கஸ் கில்மோரும் சேர்ந்து கையால் வாசித்தார்கள். கணினி இல்லை, குரல் இல்லை. பியானோவின் கீழ்ப்பாகத்தில் இடது கை இடிக்கிற இடி, டிரம்ஸ் அதோடு மல்லுக்கு நிற்கிற விதம், எல்லாமே மூன்று மனிதர்களின் மூச்சு வாங்குகிற வேலை.

இதை நம் மேடையோடு வைத்துப் பாருங்கள். அங்கே இயந்திரம் போட்ட தாளத்தை மனிதக் கை வாசிக்கிறது. இங்கே மனிதக் கை ஒரு காலத்தில் வாசித்த தாளத்தை இயந்திரம் வாசிக்க, கை பக்கத்தில் நின்று நடிக்கிறது. நான் டிராக்கை எதிர்க்கிறதன் காரணம் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது.

விஜய் ஐயர் 1998இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வும் இதைச் சுற்றித்தான். தாளம் காதில் மட்டும் நிகழ்வதில்லை, நடை, கைவீச்சு, மூச்சு, பேச்சு என்று உடம்பிலிருந்துதான் பிறக்கிறது என்பது அதன் அடிப்படை. நல்ல டிரம்மர் அடியை மயிரிழை முன்னே பின்னே தள்ளி வைக்கும்போது கூட்டத்தின் கால் தானாக ஆடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். டிராக் அந்த மயிரிழையை விட்டுக்கொடுக்காது. உங்களுக்குக் கூட்டம் கொஞ்சம் சோர்ந்தது தெரிந்தால் வேகத்தை ஏற்றலாம். லேப்டாப்புக்கு எங்கள் தெருவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே தெரியாது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று நினைத்தால், நம் காஞ்சிபுரத்துக்காரரையே சொல்கிறேன். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) பாட உட்கார்ந்தால் வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைந்திருக்கும். ஃபுல் பெஞ்ச் கச்சேரி என்று அதற்கே பெயர் வைத்தார்கள். லயத்தில் அவரோடு மோதுவதற்கென்றே வித்துவான்கள் வந்தார்கள். அத்தனை கைகளை மேடையில் உட்கார வைத்துத் தாளத்தைக் கொண்டாடிய ஊர் இது. இந்த ஊர்ச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பேடின் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுக் கச்சேரி நடக்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

இனி இரண்டாவது விஷயம். நான் இந்தக் கடிதம் எழுதியதே இதற்காகத்தான்.

விஜய் ஐயரின் 2021 தட்டு 'அன்ஈசி'. அதில் 'நைட் அண்ட் டே' என்று கோல் போர்ட்டர் எழுதிய பழைய, எல்லாருக்கும் தெரிந்த காதல் பாட்டு இருக்கிறது. அதே தட்டில் 'சில்ட்ரன் ஆஃப் ஃபிளின்ட்' என்று ஒரு இசை இருக்கிறது. ஃபிளின்ட் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் நகரம். 2014இல் செலவை மிச்சப்படுத்த என்று குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் தண்ணீர் பழைய குழாய்களை அரித்து, ஈயம் கலந்து, குழந்தைகளின் டம்ளருக்குப் போனது. அந்தக் குழந்தைகளுக்காக ஒருவர் பியானோவில் உட்கார்ந்தார். அதே தட்டிலேயே 'காம்பாட் பிரீதிங்' என்று இன்னொன்றும் உண்டு. கறுப்பின மக்களின் உயிருக்கும் மதிப்பு உண்டு என்று கேட்டு எழுந்த இயக்கத்துக்குத் துணையாக 2014இல் எழுதியது. 2024இல் வந்த தட்டிலும் இதே கட்டு: ஸ்டீவி வொண்டரின் 'ஓவர்ஜாய்ட்' ஒரு பக்கம், தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவுக்கு எழுதிய இசை இன்னொரு பக்கம்.

அந்தப் பட்டியலின் கட்டைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ரசிகனுக்குத் தெரிந்த பாட்டைக் கொடுத்து உட்கார வைக்கிறார். உட்கார்ந்தவனிடம் அவன் காதில் விழவேண்டிய ஒன்றைச் சொல்கிறார். இரண்டையும் ஒரே கைதான் வாசிக்கிறது என்பதால் அவன் எழுந்து போவதில்லை.

நம்மிடம் ஃபிளின்ட் இல்லையா? எங்கள் செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் போய்ச் சேர்கிற பாலாறு எதைச் சுமந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கிணறுகளையும் நிலங்களையும் என்ன செய்தது என்பதற்காகவே 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கையை இந்தியாவில் நிலைநாட்டிய வழக்கு அது. 2025 ஜனவரியிலும் அதே விவகாரம் மறுபடி உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது. தீர்ப்புகள் வந்தாயிற்று. அந்த ஆற்றைப் பற்றி நம் வட்டார மேடையில் ஒரு பாட்டு வரவில்லை. விஜய் ஐயரோடு 2011இல் 'தீர்த்தா' என்ற தட்டில் கிட்டார் வாசித்த பிரசன்னா அதே ராணிப்பேட்டைக்காரர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அந்தத் தட்டு ஆற்றைப் பற்றியது என்று சொல்லவரவில்லை. அந்த இசையை வாசிக்கிற விரல்கள் எங்கோ வெளியுலகத்தில் முளைத்தவை என்று நினைத்து நீங்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

"அண்ணே, இதெல்லாம் அரசியல் ஆயிடும். கட்சி மேடைன்னு சொல்லிடுவாங்க. அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க." உங்கள் முதல் பதில் இதுவாகத்தான் இருக்கும். நியாயமான பயம். அதற்கும் விஜய் ஐயர் ஒரு வழி காட்டியிருக்கிறார். 2003இல் மைக் லாட் என்ற கவிஞரோடு சேர்ந்து 'இன் வாட் லாங்குவேஜ்?' என்று ஒன்று செய்தார். விமான நிலையங்களில் நிறத்துக்காகவும் பாஸ்போர்ட்டுக்காகவும் சந்தேகிக்கப்படுகிற மனிதர்களின் குரல்கள் அதில் வருகின்றன. 2013இல் அதே லாடோடு 'ஹோல்டிங் இட் டவுன்'. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டுத் திரும்பிய, வெள்ளையர் அல்லாத சிப்பாய்களிடம் போனார்கள். போர் சரியா தவறா என்று கேட்கவில்லை. உங்களுக்கு என்ன கனவு வருகிறது என்று கேட்டார்கள். அதையே பாட்டாக்கினார்கள். லின் ஹில் என்ற பெண் அதில் பங்கெடுத்தவர்; போர்முனைக்கே போகாமல் அமெரிக்காவில் ஒரு திரை முன்னால் உட்கார்ந்து டிரோன் இயக்குகிற வேலை செய்தவர். இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்ற பேச்சே அதில் எழவில்லை. கேட்டவன் மனசு அதற்குப் பிறகு பழையபடி இருந்திருக்காது.

அப்படிக் கேட்பதற்கு நம் வட்டாரத்தில் ஆளா இல்லை? பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்குப் பக்கத்தில் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். மிதிகட்டை இறங்குகிறது, நாடா ஓடுகிறது, பலகை வந்து இடிக்கிறது. கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா, இரண்டு ஆள். ஓரத்து நாடாவை மறுபக்கத்து ஆள் தள்ளியபிறகுதான் அடுத்த இடி விழும். அந்த இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம் வரும். நாலுக்கு நாலாகப் போய்க்கொண்டிருக்கிற தாளத்தில் அந்த நிறுத்தம் எத்தனை மாத்திரை என்று எண்ணிப் பாருங்கள். கண்டமா மிஸ்ரமா என்று உங்கள் தபேலாக்காரர் சொல்லிவிடுவார். விசைத்தறிச் சேலை காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரில் கடையில் தொங்குவதைப் பற்றி அந்தத் தறிக்காரர் பேசுவார். சில சேலை ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி 1985இல் போட்ட சட்டம் ஏட்டில் எங்கே, தெருவில் எங்கே என்று பேசுவார். தன் பிள்ளை ஏன் தறியில் உட்கார மறுத்து கம்பெனி பஸ் ஏறிவிட்டான் என்று பேசுவார். அதை அப்படியே அந்தத் தாளத்தில் வையுங்கள். அதைவிடச் சிறந்த இன்ட்ரோ பிட் எந்தக் கீபோர்டிலும் இல்லை.

கம்பெனி பஸ் ஏறிய பிள்ளைக்கும் பாட்டு உண்டு. 2024 செப்டம்பர் 9இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் உட்கார்ந்தார்கள். அங்கே உட்கார்ந்தவர்களின் குடும்பங்கள் உங்கள் கச்சேரிக்கு வந்து உட்கார்பவர்கள்தான். 2022இல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரத்து மக்கள் அதை எதிர்த்து இரவு இரவாகக் கூடி உட்காருகிறார்கள். விமான நிலையம் வேண்டும் என்பவர்களும் நம் ஊரில் உண்டு. இரண்டு பேர் கனவையும் பாடுங்கள். சண்டை பிடிக்காத கதை வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. உத்திரமேரூரில் சோழர் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்தில் 15 படுக்கையோடு மருத்துவமனை நடந்ததைச் சொல்கிற கல்வெட்டு. மேடையில் ஐந்து நிமிடம் சொல்ல அதைவிட என்ன வேண்டும்?

ஊர்க் கதையைப் பாட்டில் வைப்பது நமக்குப் புதுப் பழக்கமும் இல்லை. எங்கள் மாகறலீசுவரர் மேல் ஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. சாதாரிப் பண், இன்று பந்துவராளியில் பாடுகிறார்கள். அந்தப் பதிகம் சாமியைக் கூப்பிடுவதற்கு முன்னால், விளைந்த கழனியில் வேலை செய்கிற கடைசியர் என்ற உழவுப் பெண்களின் பாட்டுச் சத்தத்தைத்தான் முதலில் கேட்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் இந்த ஊருக்குள் வந்து, கோயிலைப் பாடும் பாட்டிலேயே வயலில் பாடுகிறவர்களுக்கு முதல் இடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மன் திருவிழா மேடையில் நெசவாளியைப் பாடினால் சாமிக் குற்றம் ஆகுமோ என்று யாராவது கேட்டால், சம்பந்தரைக் காட்டுங்கள்.

காஞ்சிபுரத்துப் பெண் டி.கே. பட்டம்மாள், 1919இல் பிறந்தவர், நயினாப் பிள்ளையைக் கேட்டு வளர்ந்தவர். கச்சேரி வித்துவாம்சம் ஒரு கையில், பாரதியின் தேசப்பாட்டு இன்னொரு கையில் என்று பாடினார். நாடு விடுதலை அடைந்த 1947 ஆகஸ்டில் வானொலியில் பாரதியைப் பாடியவர் அவர். தென்பக்கம் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், தெரிந்த மெட்டுகளில் புதுச் சொல் வைத்துப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அந்தப் பாட்டு என்ன செய்தது என்று இன்றும் பேசுகிறார்கள். அவர் பின்னால் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போன தம்பிதான், நீங்கள் மேடைக்கு மேடை வாசிக்கிற இளையராஜா. உங்கள் பட்டியலில் பாதி அவர் பாட்டு. அவர் தொழில் கற்ற இடமோ, ஊர்க்கதை பாடிய மேடை.

கூத்தையும் மறந்துவிடக் கூடாது. புரிசையும் புஞ்சரசந்தாங்கலும் நமக்கு எட்டாத தூரமா? பாரதக் கதை நடுராத்திரியில் உச்சத்தில் இருக்கும்போது கட்டியங்காரன் உள்ளே நுழைந்து, ஊர்ப் பஞ்சாயத்தில் நடந்த திருட்டை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவான். கூட்டம் குலுங்கும். அதற்காக எந்த ஊரும் கூத்தை நிறுத்தவில்லை. அந்தக் கட்டியங்காரன் உங்கள் மேடையில் எப்போது காணாமல் போனான்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசப்பாக இருந்தாலும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் உருவாக்கிய இசை ஜாஸ். 1963இல் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றபோது, 'மை ஃபேவரிட் திங்ஸ்' வாசித்த அதே கோல்ட்ரேன் 'அலபாமா' வாசித்தார். நம்மிடமும் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் கையில் வளர்ந்த பறையும் கானாவும் இருக்கின்றன. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அந்த இசையையே ராக்கோடும் ராப்போடும் சேர்த்து, சாதியின் பெயரைச் சொல்லியே மேடையில் பாடியது. ஊர் மேடைக்கும் காலனி மேடைக்கும் ஒரே குழுவாக வந்து வாசிக்கிறவர்கள் நீங்கள் மட்டும்தான். எங்கள் ஊர்களில் வேறு யாருக்கும் இரண்டு பக்கமும் அப்படி ஒரு இடம் இல்லை. அந்த இடத்தின் மதிப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

உங்களுக்கே லாபமான ஒரு கணக்கும் சொல்கிறேன். நீங்கள் யூடியூபில் போடுகிற கச்சேரி வீடியோ, காப்பிரைட் என்று நின்றுவிடுகிறது அல்லவா? உங்கள் சொந்தப் பாட்டை எந்தக் கம்பெனியும் நிறுத்த முடியாது. எல்லாக் குழுவும் பாடுகிற பாட்டுக்கு விலை இறங்கிக்கொண்டே போகும். உங்களிடம் மட்டும் கிடைக்கிற பாட்டுக்கு எங்களால் பேரம் பேச முடியாது. ஹார்வர்டு பேராசிரியருக்கு இதெல்லாம் சுலபம், நாங்கள் பேட்டாவுக்கு வாசிக்கிறவர்கள் என்று சொல்லாதீர்கள். பாவலர் சகோதரர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தின் சம்பளத்தில் பாடினார்கள்?

ஆகவே, என் வேண்டுகோள் இதுதான்.

வருகிற ஆடிக்கு நீங்கள் பேசி முடிக்கிற ஒவ்வொரு கச்சேரியிலும் மூன்று சினிமாப் பாட்டை டிராக் இல்லாமல், கையால், உங்கள் போக்கில் மாற்றி வாசியுங்கள். மெட்டு தெரியட்டும், நடை உங்களுடையதாக இருக்கட்டும். அந்தப் பேடின் ஒயர் மிக்சரில் சொருகியிருக்கட்டும். அந்த மூன்றையும் அடுத்து, கூட்டம் நிறைந்து நிற்கிற ஒன்பதரை மணிக்கு முன்னதாக, ஐந்து நிமிடம் போதும், அந்த ஊரைப் பற்றி ஒரு சொந்தப் பாட்டு. கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு பேர் அந்த ஊருக்கு வந்து, தறிவீட்டிலோ களத்திலோ பஸ் ஸ்டாப்பிலோ நாலு பேரிடம் பேசிவிட்டுப் போனால் வரிகள் தானாகக் கிடைக்கும். முதல் பாட்டு சொதப்பலாம். அடுத்த ஊரில் சரியாகிவிடும்.

எங்கள் பக்கத்து வேலையை நாங்கள் செய்கிறோம். அந்தப் பாட்டுக்கென்று வசூல் நோட்டில் தனிப் பக்கம் போட்டு, கூட வருகிற வாத்தியக்காரரின் பேட்டாவை நானே வீடு வீடாகக் கேட்டு வாங்கித் தருகிறேன். மற்ற ஊர் விழாக்குழு நண்பர்களிடமும் இதையே பேசி வருகிறேன். கூட்டத்தில் எவனாவது எழுந்து "குத்துப்பாட்டு போடு" என்று கத்தினால், அவனை உட்கார வைக்கிற பொறுப்பும் எங்களுடையது.

மாகறலுக்கு அட்வான்ஸ் பேச வரும்போது வழக்கமான பாட்டுப் பட்டியலோடு வாருங்கள். எங்கள் ஊர்ப் பாட்டுக்கு யாரிடம் பேசலாம் என்று என்னைக் கேளுங்கள். தறிவீடும் தெரியும், கழனியும் தெரியும், கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கச்சேரியை முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிற,
மாகறல் ரசிகன்